காத்ரியின் கொக்கி

"ஐயா, கண்ணாடியத் தொடாதீங்க!" என்று காவலாளி ஓடி வருவதற்குள், சக்கர நாற்காலியில் இருந்த காத்ரி பெட்டியைத் தட்டத் தொடங்கிவிட்டார்.

"என்னோடது இது! நூர்ஹான், பாரும்மா, என் கொக்கி!"

நூர்ஹானுக்கு மானமே போயிற்று. இஸ்மிர் ஆஸ்பத்திரியில் டாக்டர் கைவிரித்த பிறகு அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: மூழ்கின கப்பலை ஒரு தடவை பார்க்கணும். நாற்பது வருஷமாக இந்த மியூசியத்து வாசலை மிதிக்காத மனுஷன். மிதிக்க மனசு வருமா? 'கப்பலைக் கண்டுபிடித்தவர்' என்று ரிஃப்கி கேப்டனின் படம் அல்லவா அங்கே பல்லிளிக்கிறது!

கடற்பஞ்சு எடுக்க முழுகியபோது கப்பலை முதலில் பார்த்தது காத்ரிதான். சந்தோஷத்தில், நின்று நின்று ஏறாமல் ஆழத்திலிருந்து சட்டென்று மேலே வந்ததில், ரத்தத்தில் காற்று குமிழியிட்டு இரண்டு காலும் செத்துப்போயின. அவர் ஆஸ்பத்திரியில் கிடக்கையில் ரிஃப்கி ஆராய்ச்சிக்காரர்களைக் கூட்டிப்போய்க் காட்டிவிட்டார். உண்மையைச் சொன்னால் ஊர் சிரித்தது. காபிக்கடையில் அவருக்குப் பெயரே 'புளுகு காத்ரி'.

மியூசியம் அதிகாரி துலாய் அம்மாள் வந்தார். "அது கப்பல் ஆளுங்களோட கருவி, பெரியவரே. ஆயிரம் வருஷப் பழசு. ஜாடிக்குள்ள கிடைச்சது."

"ஜாடிக்குள்ள செருகினதே நான்தாம்மா. ஒரு இடத்த முதல்ல கண்டவன் பஞ்சு அறுக்குற கொக்கிய அங்க விட்டுட்டு வரணும். அப்புறம் வேற எவனும் அங்க கை வைக்கக் கூடாது. முழுகுறவங்க வழக்கம் அது." கடல் சுண்ணாம்பு மூடிய கொக்கிக்குப் பக்கத்தில், பெட்டிக்குள் இருந்த அதன் எக்ஸ்ரே படத்தைக் காட்டினார். "பிடியில கம்பி சுத்தியிருக்கே, அது என் சைக்கிள் சக்கரத்துக் கம்பி. ஏழு சுத்து. நுனியில மரை இருக்கும், பாருங்க."

துலாய் பூதக்கண்ணாடி கொண்டுவந்து எண்ணினார். ஏழு. நுனியில் வரிவரியாக மரை. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஏது சைக்கிள்? வாயைப் பொத்திச் சிரித்தவர், குனிந்து கிழவரின் கையை முத்தமிட்டு நெற்றியில் ஒற்றிக்கொண்டார்.

"இன்னிக்கே பெயர்ப் பலகைய மாத்துறேன்."

"எழுத்து பெருசா இருக்கட்டும். ரிஃப்கிக்குக் கண்ணு மங்கல்," என்றார் காத்ரி.

முற்றத்து வெயிலில் ஒரு தேநீர் குடித்தார். இன்னொன்று கேட்டார். நூர்ஹான் வாங்கி வருவதற்குள் தலை சாய்ந்திருந்தது. முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. அழுத அழுகைக்கு நடுவிலும் அவளுக்குப் பெருமை பொங்கிக்கொண்டு வந்தது.

மறுநாள் பள்ளிவாசல் முற்றத்தில் நிற்க இடமில்லை. விஷயம் ஊர் முழுக்கப் பரவியிருந்தது. இறந்தவருக்கான தொழுகை முடிந்து இமாம் வழக்கம்போலக் கேட்டார்: "இவர எப்படிப்பட்டவரா அறிஞ்சீங்க?"

"நல்லவரா அறிஞ்சோம்." எல்லா மய்யித்துக்கும் சொல்கிற வார்த்தைதான்.

"உண்மை பேசினவரா அறிஞ்சோம்!" என்று காபிக்கடைக்காரர் கத்தினார். கூட்டம் மொத்தமும் அதைத் திருப்பிச் சொன்னது. முற்றமே அதிர்ந்தது.

உடல் இருந்த சந்தூக்குப் பெட்டியைத் தூக்க ஆட்கள் நெருங்கினார்கள். ரிஃப்கி கேப்டன் தடியை ஊன்றிக்கொண்டு வந்து முன்பக்கம் தோள் கொடுத்தார்.

"மாமா," என்றாள் நூர்ஹான். "முன்னாடி வேணாம். இன்னிக்கு அப்பாவுக்குப் பின்னாடி வாங்க."

கேப்டன் தோளை விலக்கிக்கொண்டு, மெல்ல நடந்து, பின்னால் போய் நின்றார்.