மேலே ஏறிய சுளுக்கு

என் கணவர் பரமசிவத்துக்கு எலும்பு முறியாது. அவரே சொல்லியிருக்கிறார். மைன்ஸில் வேலை பார்க்கையில் சேற்றில் பாதம் மாட்டிக்கொள்ள, உடம்பு மட்டும் திரும்பி விழுந்தவர், வீங்கிய கணுக்காலோடு நொண்டிக்கொண்டே வந்து, முறிந்திருந்தால் நடக்க முடியுமா என்று என்னையே மடக்கினார். திங்கட்கிழமை அவரைப் பெர்மனென்ட் ஆக்குவதற்கான மருத்துவப் பரிசோதனை. அன்று நேராக நடந்து காட்டாவிட்டால் வேலை கையைவிட்டுப் போய்விடும். ஆகவே இது சுளுக்குதான் என்று தீர்மானமாகிவிட்டது.

சுளுக்கு என்றால் நாங்கள் குடியிருக்கும் பிளாக்கில் இசக்கியம்மாள்தான். இரட்டைப் பிள்ளை பெற்றவள் நீவினால் சுளுக்கு ஓடிவிடுமாம். பெற்றது போதும், வேறு படிப்பு வேண்டாம். நல்லெண்ணெயோடு வந்து, கணுக்காலில் தொடங்கி மேலே மேலே நீவினாள். முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கத்தில் விரல் பட்டதும் மனிதர் துள்ளிவிட்டார்.

“சுளுக்கு மேல ஏறிட்டு, தாயி” என்றாள் அவள்.

அதைக் கீழே இறக்க நாளைக்கும் நீவ வேண்டுமாம். முகம் வெளுத்துக் கிடந்தவர் அதற்கும் தலையாட்டினார். எனக்கு வந்த கோபத்தில் எண்ணெய்க் கிண்ணத்தைப் பிடுங்கி வைத்துவிட்டு, அவரைச் சைக்கிளில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு போனேன்.

டாக்டர் கணுக்காலைப் படம் எடுத்தார். முறிவு எதுவும் இல்லை. கணவர் என்னைப் பெருமையோடு பார்த்தார். வீம்புக்கு நானும், சுளுக்கு மேலே ஏறிவிட்டதாக எங்கள் பிளாக்கில் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று டாக்டரிடம் சொன்னேன். சிரிக்கத் தொடங்கியவர் பாதியில் நிறுத்தினார். எதுவரை ஏறியது என்று கேட்டு, முழங்காலுக்குக் கீழே அழுத்தினார். எலும்பு முறியாதவர் போட்ட அலறல் வாசல்வரை கேட்டது.

அடுத்த படத்தில் காலின் மெல்லிய எலும்பு மேலே முறிந்திருந்தது. கணுவுக்கு மேல் இரண்டு எலும்புகளையும் சேர்த்துப் பிடித்திருக்கும் ஜவ்வு கிழிந்து, அந்தத் திருகல் மேலே ஓடி எலும்பை முறித்திருக்கிறது என்றார் டாக்டர். திருகாணி போட்டு மாவுக்கட்டு கட்ட வேண்டும். மாதக்கணக்கில் கால் ஊன்றக்கூடாது. இப்படியே நடந்தால் கணு விரிந்து ஆயுசுக்கும் நொண்டிதான்.

“திங்கக்கெழம மட்டும் போயிட்டு வந்து படுத்துக்கிடுதேன் டாக்டர்” என்றார் என் கணவர்.

டாக்டர் என்னைப் பார்த்தார். பெர்மனென்ட் ஆசை எனக்கும் குறைச்சல் இல்லை. அது போகிறதே என்று அங்கேயே அழுதேன். அழுது முடித்ததும், ஆஸ்பத்திரி உடுப்பில் கிடந்தவரின் வேட்டி, சட்டை, காக்கி நிக்கர் எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து தொட்டியில் ஊறப்போட்டேன். திங்கட்கிழமை தாண்டும்வரை அவை ஊறட்டும்.