கூவினால் வண்டி போகும்

ஊரடங்குக்கு முதல் நாள்தான் எங்கள் கட்டடத்துக் கீழறைத் தக்காளிக்காரர் மலிவாகக் கிடைத்ததென்று கூடை கூடையாக வாங்கிப் போட்டார். மறுநாள் தெருவில் வண்டி தள்ளக் கூடாது என்றுவிட்டார்கள். ஒற்றை அறையில் கூடைகளுக்கு நடுவே புருஷனும் பெண்டாட்டியும் கால் நீட்ட இடமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். நான் எட்டிப் பார்க்கிறவள் இல்லை. படியிறங்கும்போது கண் தானாக உள்ளே போய்விடும்.

பழம் கசியத் தொடங்கியதும், கட்டடத்துக்குள்ளேயே கதவு தட்டி விற்கலாம் என்று கிளம்பினார். பழக்கதோஷம், முதல் படியிலேயே "தக்காளேய்ய்" என்று தெரு அதிரக் கூவிவிட்டார்.

வாசலில் காவலுக்கு நின்ற போலீஸ்காரர் உள்ளே வந்தார். "யோவ், இன்னொரு தடவ சத்தம் கேட்டுச்சு, வண்டியத் தூக்கிட்டுப் போயிருவேன்."

வண்டி போனால், நோய் ஒழிந்த பிறகும் பிழைப்பில்லை.

"உங்க வாய் சும்மா கிடக்காது, நான் போறேன்" என்று மனைவி கூடையோடு மாடியேறி, என் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள். முகமூடி கட்டியிருந்தாள். நான் என் கதவிடுக்கில் இருந்தேன்.

"யாரு?" என்று எதிர்வீட்டம்மா கதவைத் திறக்காமல் உள்ளேயிருந்தே கேட்டாள்.

"தக்காளிக்காரர் சம்சாரம்க்கா."

"முகமே தெரியலையே. கண்டவங்களுக்கும் இப்பத் திறக்கிறதில்லம்மா."

"இத்தன வருஷமா எங்ககிட்டதானக்கா வாங்குறீங்க."

"அப்படின்னா அவர ஒரு தடவ கூவச் சொல்லு. குரல் எனக்குத் தெரியும், உடனே திறக்கிறேன்."

அவள் கைப்பிடிச் சுவரில் குனிந்து கீழே பார்த்தாள். என் காலும் தானாக அவள் பின்னால் போய் நின்றது. எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த தக்காளிக்காரர் வழக்கம்போலக் காதில் கைவைத்து, கூவ வாயைத் திறந்தார். வாசலில் உலாத்திக்கொண்டிருந்த போலீஸ் பூட்ஸ் சத்தம் சட்டென்று நின்றது. திறந்த வாயைக் கையாலேயே பொத்திக்கொண்டு கூடைகளுக்கு நடுவே போய் உட்கார்ந்தார்.