சூடு பிடிக்காத கிருமி

திருமழிசையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் இக்னேஷியஸ் பைக்கிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். பூந்தமல்லியில் ஒரு மருத்துவமனையில் டாக்டர் திருமுருகன் உள்ளே உலோகப் பிளேட் வைத்துத் தைத்தார். எலும்பு ஒழுங்காகக் கூடியது. தையலின் ஒரு ஓரம் மட்டும் மூடவே இல்லை. அங்கே நீர் கசிந்தது. பிறகு முன்கையில் மேல்நோக்கிச் சிறு சிறு முடிச்சுகள் கிளம்பின.

மாத்திரைகளை மாற்றிப் பார்த்தார்கள், ஊசியும் போட்டார்கள். ஒவ்வொரு முறை சீழைச் சோதித்தபோதும் கிருமி எதுவும் வளரவில்லை என்றே முடிவு வந்தது. அந்தச் சோதனைகளைச் செய்தவள் ஆய்வுக்கூட டாக்டர் ஹெலினா. புண் ஆறாமல் இருக்கும்போது கிருமி எங்கே போயிருக்கும் என்று அவளுக்குக் குடைந்துகொண்டே இருந்தது. ஒருநாள் வார்டுக்குப் போய்க் கையையே பார்த்தாள். முடிச்சுகள் முழங்கையைத் தாண்டவில்லை. கை, உடம்பின் உட்பகுதியைவிடக் குளிர்ச்சியான இடம். கிருமி வளர்க்கும் அவளுடைய பெட்டியோ உடம்பின் உட்சூட்டில் இருந்தது.

திருமுருகன் காயத்தைத் திறந்து கழுவியபோது எடுத்த சதையை ஹெலினா இரண்டாகப் பிரித்தாள். ஒரு பாதியை வழக்கமான பெட்டியிலும், மறுபாதியைச் சூடு குறைத்த இன்னொரு பெட்டியிலும் வைத்தாள்.

சில வாரங்கள் போயின. முதல் பெட்டியில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் வெளிறிய புள்ளிகள் தெரிந்தன. கிருமி வளர்ந்த அந்தத் தட்டை வெளிச்சத்தில் வைத்தாள். மறுநாள் புள்ளிகள் எலுமிச்சை மஞ்சளாகியிருந்தன. வெளிச்சம் பட்டால் இப்படி மஞ்சளாகும் அந்தக் கிருமி, காசநோய்க் கிருமிக்குத் தூரத்து உறவு; மீன்களுக்கு நோய் தருவது. மனிதரிடம் அபூர்வம்.

வீட்டில் மீன் தொட்டி இருக்கிறதா என்று இக்னேஷியஸிடம் கேட்டாள். இல்லை என்றார். மீன் ஆய்ந்து கழுவுவதுகூட மனைவி தெரசாதானாம். ஆபரேஷனுக்குப் பிறகு கையை எந்தத் தண்ணீரிலாவது விட்டீர்களா என்று மாற்றிக் கேட்டாள்.

"கம்பெனில ஒரு மீன் தொட்டி கீது மேடம். கை சரியாவுற வரிக்கும் ஆபீஸாண்ட குந்திகினு இருக்க சொன்னாங்க. பொழுது போவல, நான்தான் அத்த கழுவிகினு இருந்தேன்."

"இந்தக் கையாலயா?"

"தண்ணி கண்ணாடி மாதிரி இருந்துச்சு மேடம்."

ஹெலினா அன்றே திருமழிசைக்குப் போனாள். தொட்டியில் ஒரு மீனின் விலாவில் சிறிய புண் இருந்தது. பாட்டிலில் எடுத்துவந்த தண்ணீரிலும் அதே மஞ்சள் புள்ளிகள் வளர்ந்தன.

ஏற்ற மருந்துகளைப் பல மாதங்கள் தின்ன வேண்டியிருந்தது. பிளேட்டையும் எடுத்தார்கள். முடிச்சுகள் ஒவ்வொன்றாக அமுங்கி, காயம் மூடியது. கடைசியாகக் காட்ட வந்த அன்று இக்னேஷியஸ் தயங்கியபடி கேட்டார்.

"அந்த மீனுங்களுக்கும் இந்த மாத்திரையே குடுக்கலாமா மேடம்?"

ஹெலினாவுக்குத் தெரியவில்லை. படித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று அவருடைய போன் நம்பரை வாங்கிக்கொண்டாள்.