முன்னால் நடப்பவர்

மேசையைச் சுற்றி இருந்தவர்கள்: ராதோவான், இந்த வீட்டுக் குடும்பத் தலைவன், டிராம் பணிமனையில் மெக்கானிக். அவன் தம்பி லூமிர், கல்யாணம் ஆகாதவன், விரிந்து கிடந்த வரைபடம் அவனுடையது. மகள் அபொலேனா, பதினைந்து வயது. மகன் மத்தோஷ், ஒன்பது. மேசைக்கு அடியில் லூமிரின் நாய். அப்புறம் ராதோவானின் மனைவி ஸோரா. அவள் இருந்தாள் என்பது பாதிதான் உண்மை. ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வந்து, கொஞ்சம் படுத்து எழுந்து, கேக்கை அறுத்து வைத்துவிட்டு, கன்னத்தில் கை ஊன்றி உட்கார்ந்திருந்தாள்.

ஒவ்வொரு வருடமும் ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இப்படி உட்காருவார்கள். ஜூலையில் யெசெனிகி மலைக்குப் போவதற்கான திட்டம். பத்து நாள், அடிவாரத்தில் அதே விடுதி, தினமும் காட்டுக்குள் நடை. மழை பெய்தாலும் நடை.

இந்த வருடம் ஸோரா போகப் போவதில்லை. அதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. அவளுக்கு வேண்டியது இந்த வீடுதான். ஆளில்லாமல், திரையை இழுத்து மூடி, இரவில் தூங்கி காலையில் எழுவதற்கு. தொழிற்சாலையில் ஜூலை விடுப்பு கிடைத்துவிட்டது. அதை மலையில் கொண்டுபோய்க் கொட்ட அவளுக்கு மனமில்லை. சொல்ல வேண்டிய வார்த்தைகளை வரும் வழியில் பேருந்தில் தயார் செய்திருந்தாள். இப்போது ஒன்றுகூட நினைவில் இல்லை.

"முதல் நாள் நடந்து பழகிக்க நீலக் குறி போட்ட பாதை. அருவி வரைக்கும்," என்றான் லூமிர், விரலை வரைபடத்தில் ஓட்டிக்கொண்டே. "மறுநாள் சிவப்பு. முகட்டு மேலயே நடந்து உச்சிக்குப் போயிடலாம்."

"போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க சித்தப்பா," என்றாள் அபொலேனா. "பாதியில திரும்பினோம்."

யாரும் ஸோராவைப் பார்க்கவில்லை. யாரால் திரும்பினார்கள் என்று சொல்ல, பார்க்காமல் இருந்த விதமே போதுமானதாக இருந்தது.

மலையேறுகிறவர்களுக்கு ஒரு விதி உண்டு. மெதுவாக நடப்பவர் முன்னால் போக வேண்டும், மற்றவர்கள் அவர் வேகத்துக்கு நடக்க வேண்டும். பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். இந்தக் குடும்பத்தில் முன்னால் போவது எப்போதும் ஸோரா. "நீ முன்னாடி போ, ஸோரா, உன் இஷ்டத்துக்கு நட" என்று ராதோவான் அன்பாகத்தான் சொல்வான். ஆனால் முதுகுக்குப் பின்னால் நான்கு பேரும் ஒரு நாயும் மூச்சு விட்டுக்கொண்டு வரும்போது யாராலும் தன் இஷ்டத்துக்கு நடக்க முடியாது. அவள் பார்த்த மலை முழுவதும் அவளுடைய ஷூ முனைதான்.

"நான் வரல," என்றாள்.

"எங்க? உச்சிக்கா?" என்றான் ராதோவான். "சரி, நீ விடுதியில இரு. நாங்க சாயங்காலம் வந்துடறோம்."

"மலைக்கே வரல. நீங்க போய்ட்டு வாங்க. நான் வீட்ல இருக்கேன்."

நாய் மட்டும் எழுந்து இடம் மாறிப் படுத்தது.

"அப்ப கறி யார் பொரிப்பா?" என்றான் மத்தோஷ்.

ரயிலில் சாப்பிட, ரொட்டிக்குள் வைத்த பொரித்த பன்றிக்கறி. அது இல்லாமல் இந்த நாட்டில் யாரும் ஊர் எல்லையைத் தாண்டியதில்லை.

"உங்க அப்பா பொரிப்பாரு."

"அப்பாவா?" என்று மத்தோஷ் சித்தப்பாவைப் பார்த்தான். லூமிர் கூரையைப் பார்த்தான்.

"எங்க மேல என்ன கோபம்?" என்று கேட்டான் ராதோவான்.

"கோபம் இல்ல. தூக்கம்."

"அண்ணி, பத்து நாளும் தூங்குவீங்களா?" என்றான் லூமிர். "கரடிகூட நடுவுல ஒருக்கா எழுந்து வெளிய போயிட்டு வருமே."

"நானும் எழுந்து போவேன். பாத்ரூமுக்கு."

அபொலேனா சிரித்துவிட்டாள். ராதோவான் சிரிக்கவில்லை. பென்சிலை எடுத்தான். அவன் ஒரு சிக்கலைக் கண்டால் திருகாணி தேடுகிற ஆள்.

"இரு. திட்டத்தை மாத்திடலாம். காலையில யாரும் உன்னை எழுப்ப மாட்டோம். பத்து மணிக்கு மேல கிளம்பலாம். சிவப்புப் பாதை வேண்டாம். மஞ்சள்ல போனா பாதி தூரம் பஸ்ஸே இருக்கு. மத்தியானம் நீ ஒரு தூக்கம் போடு, நாங்க சத்தம் போடாம கீழ உக்காந்திருக்கோம்."

சொல்லிக்கொண்டே வரைபடத்தில் கோடு போட்டான். லூமிரும் தலையாட்டினான். இதற்குத்தான் ஸோரா பயந்திருந்தாள். சண்டை போட்டிருந்தால் தாங்கியிருப்பாள். அவர்கள் பத்து நாளையும் எடுத்து அவள் கட்டிலைச் சுற்றி அடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். சத்தம் போடாமல் கீழே உட்கார்ந்திருக்கும் நான்கு பேருக்கு மேலே படுத்து எப்படித் தூங்குவது? இருந்தாலும் சரி என்று சொல்லிவிடலாமா என்று தோன்றியது. சொல்லிவிட்டால் கேக் சாப்பிடலாம், பேச்சு முடிந்துவிடும். வாயைத் திறந்துகூட விட்டாள்.

"எனக்கு முகட்டுப் பாதை வேணும்," என்றாள் அபொலேனா.

"பொலா, சும்மா இரு," என்றான் ராதோவான்.

"ஏன்? அம்மா வரலைன்னா நாம முழுசாப் போகலாம். அந்தப் பக்கம் இறங்கி புளூபெர்ரி பறிக்கலாம். அம்மாவும் தூங்கலாம். யாருக்கு நஷ்டம்?"

"பேசற பேச்சா இது?"

"நல்ல பேச்சு," என்றாள் ஸோரா. மகள் தன்னை அப்படி வெட்டி எடுத்து ஓரமாக வைத்தது அவளுக்கு வலிக்கவில்லை. தோளிலிருந்து பையை இறக்கியது போல இருந்தது. "அவ சொல்றதுதான் சரி."

லூமிர் வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்தான். "அப்ப யார் முன்னாடி போறது?"

"நாய்," என்றான் மத்தோஷ்.

"மெதுவா நடக்கறவங்கடா. அண்ணி இல்லைன்னா அடுத்தது யாரு?" லூமிர் அண்ணனைப் பார்த்தான். "நீதான்."

"நானா?"

"பின்ன? இத்தனை வருஷமா அண்ணிக்குப் பின்னாடி ஒளிஞ்சு நடந்த. அவங்க நிக்கறதுக்கு முன்னாடியே உனக்கு ஷூ லேஸ் அவுந்துடும்."

பிள்ளைகள் இருவரும் சிரித்தார்கள். ராதோவான் கேக்கில் ஒரு துண்டு எடுத்து முழுதாக வாயில் போட்டுக்கொண்டான்.

நாயை வெளியே கூட்டிப்போக லூமிர் எழுந்தபோது பிள்ளைகளும் கூடவே இறங்கினார்கள். ஸோரா தட்டுகளைக் கழுவினாள். ராதோவான் துடைத்தான்.

"வேற ஏதாவது இருக்கா?" என்று கேட்டான்.

"என்ன வேற?"

"வேற ஆளு."

அவளுக்குச் சிரிப்பும் கொட்டாவியும் ஒன்றாக வந்தன. "ஆள் வேணும்னா முழிச்சிருக்கணும், ராதோவான்."

அவன் ஏற்கெனவே துடைத்த தட்டை மறுபடி துடைத்தான். "லூமிர் சொன்னானே, நான் உன் பின்னாடி ஒளிஞ்சு நடந்தேன்னு. அது நெஜமா?"

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லத் தெம்பில்லை. "நெஜம்தான். மேட்டுல நீ இரைக்கறது எனக்குக் கேக்கும்."

"அப்ப நீ நின்னதெல்லாம் எனக்காகவா?"

"எல்லாம் இல்ல. சில தடவை."

அவன் தட்டை அலமாரியில் வைத்துக் கதவைச் சாத்தினான். "விடுதிக்காரம்மா கேப்பாங்க," என்றான். "நாலு பேருன்னு சொல்லிடறேன்."

ஜூலை வந்தது. கிளம்புவதற்கு முந்தின நாள் ராதோவான் கறியைப் பொரித்தான். ஒரு பக்கம் கருகியது. வீடெல்லாம் எண்ணெய்ப் புகை. ஸோரா ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். கருகிய பக்கத்தை ரொட்டிக்குள் திருப்பி வைத்தால் தெரியாது என்று அவனே கண்டுபிடித்திருந்தான்.

காலையில் அவள் வீட்டுக்கு வந்தபோது பைகள் வாசலில் இருந்தன. மாவு படிந்த சட்டையோடே எல்லோரையும் அணைத்து அனுப்பினாள். அபொலேனா கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டு இரண்டு படி இறங்கினாள். லிஃப்ட் வேலை செய்யவில்லை. ஏழாவது மாடியிலிருந்து நடந்துதான் இறங்க வேண்டும். லூமிர் கீழே நாயோடு காத்திருந்தான்.

ராதோவான் பையை முதுகில் மாட்டினான். பட்டையை இறுக்கினான், தளர்த்தினான், மறுபடி இறுக்கினான்.

"நிச்சயமா வரலையா?"

"போய்ட்டு வா."

"போன் பண்ணவா?"

"வேண்டாம். தூங்கிட்டிருப்பேன்."

அவன் தலையாட்டினான். மத்தோஷ் படிக்கட்டில் அக்காவோடு சுவர் ஓரமாக ஒதுங்கி நின்று வழி விட்டான்.

"அப்பா, நீ முன்னாடி போ," என்றான். "உன் இஷ்டத்துக்கு நட."

ராதோவான் மகனைப் பார்த்தான். பிறகு மனைவியைத் திரும்பிப் பார்த்தான். அவள் முகத்தில் கேலி இல்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்க ஆரம்பித்தான். பின்னால் பிள்ளைகள் இருவரும் அவன் வேகத்துக்கு ஒவ்வொரு படியாக இறங்கினார்கள். திருப்பத்தில் அவனுடைய தொப்பி மறைந்தது.

ஸோரா கதவைச் சாத்தி, சாவியை இரண்டு முறை திருப்பினாள். வெளியிலிருந்து யாரும் இன்னொரு சாவி போட்டுத் திறக்க முடியாதபடி, அதைப் பூட்டிலேயே விட்டாள்.