தணிந்திருக்கும் நாள்

அன்று காலை என் கால்கள் நன்றாக இருந்தன. அதுதான் தொல்லை.

துணி வெட்டும் மேஜையில் நாள் முழுக்க நின்றபடி எனக்கு வேலை. கம்பெனி மருத்துவர் பார்த்து எழுதிக் கொடுத்தால் உட்கார்ந்து செய்யும் பிரிவுக்கு மாற்றுவார்கள். காத்துக் கிடந்து கிடைத்த தேதி இது. சென்ற மாதம் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் குளியலறைக்குப் போனேன். இன்றைக்கு நின்றுகொண்டே செருப்பை மாட்டினேன்.

"இன்னிக்குன்னு பார்த்து துள்ளுறீங்க," என்றாள் மனைவி. கொஞ்சம் நொண்டினால்தான் என்ன என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தாள். எந்தக் காலால் நொண்டுவது என்று கேட்டேன்.

நரம்பு மருத்துவர் எனக்கு முன்பே விளக்கியிருந்தார். சில நோய்கள் திடீரென்று வந்து சீக்கிரமே போய்விடும். சில நாள்பட்டு நிற்கும். சில படிப்படியாக முற்றும். என்னுடையது தணிந்து, திரும்பி, மறுபடி தணியும் வகை. தணிவு என்றால் குணம் அல்ல என்று அழுத்திச் சொன்னார். இதை சூப்பர்வைசரிடம் சொன்னபோது, "உங்க வியாதிக்கு வாரத்துல எத்தனை நாள் லீவு?" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

கம்பெனி மருத்துவர் அறிக்கைகளைப் புரட்டிவிட்டு நடக்கச் சொன்னார். ஜன்னல்வரை நடந்தேன். ஒரு கணம் நொண்டிவிடலாமா என்று தோன்றியது. இந்தக் கால்களுக்கு நொண்டத் தெரியாது, விழத்தான் தெரியும்.

"இப்ப ஒண்ணும் தெரியலையே," என்றார்.

"இப்ப தணிஞ்சிருக்கு டாக்டர்."

"அப்ப மறுபடி வர்றப்ப வாங்க. பார்த்து எழுதித் தர்றேன்."

"அது வர்றப்ப என்னால வர முடியாது டாக்டர்."

அவர் மறுபடி அறிக்கைகளைப் பார்த்தார். புரிந்தது என்றுதான் நினைக்கிறேன். கண்ணால் பார்த்ததைத்தானே எழுத முடியும் என்று சொல்லிவிட்டு, நின்று வேலை செய்யத் தகுதி உண்டு என்று எழுதினார்.

படிகளில் வேகமாக இறங்கினேன். ஒரு படியிலாவது இடறக் கூடாதா? இடறவில்லை. மனைவி பின்தங்கி மூச்சு வாங்கினாள்.

பேருந்தில் அவள் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. நான் கம்பியைப் பிடித்து நின்றேன்.

"உட்காருங்க."

"நல்லாத்தானே இருக்கேன்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆனால் அந்த இருக்கையில் தன் பையை வைத்து, யார் கேட்டும் கொடுக்காமல், வீடு வரைக்கும் பிடித்து வைத்திருந்தாள்.