டிக்கியில் இருந்த கம்பி

பெண்ணைக் கொடுத்த வீட்டில் மெக்கானிக் ஷெட் இருந்தால், அதற்குப் பிறகு சொந்த வண்டியை வேறு எங்கும் ரிப்பேருக்கு விட முடியாது. இது எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை. ஆனாலும் காணையில் கார் வைத்து வாடகைக்கு ஓட்டும் நெடுஞ்செழியன், மகள் அன்புச்செல்வியைத் திண்டிவனத்தில் கட்டிக்கொடுத்த இந்த இரண்டு வருஷமாக, ஒரு பல்பு போனால்கூட விழுப்புரத்தைத் தாண்டி அங்கே போய்த்தான் மாற்றிக்கொண்டு வருகிறார். விழுப்புரத்தில் மெக்கானிக்கே இல்லையா என்று கேட்டால் அவருக்குக் கோபம் வரும். கேட்கிறவன் பெண்ணைப் பெற்றவனாக இருக்க மாட்டான்.

இந்த முறை போனது பல்பு இல்லை. முன் சக்கரங்கள் இரண்டையும் குறுக்கே பிடித்திருக்கும் ஸ்டெபிலைசர் கம்பி விரிசல் விட்டிருந்தது. வளைவில் வண்டியை ஒரு பக்கமாகச் சாயவிடாமல் பார்த்துக்கொள்வது அதுதான். கம்பெனிக் கம்பியே வாங்கிப் போடலாம். வெளியில் செய்து விற்கிற தடிமனான கம்பியும் போடலாம். தடிமனானதைப் போட்டால் எவ்வளவு வேகமாகத் திருப்பினாலும் வண்டி அசையாது. ஆனால் ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் மற்றதையும் சேர்த்து உலுக்கிவிடும். ரேஸ் ஓட்டுகிற பையன்களுக்குச் சரி. நெடுஞ்செழியன் வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் நோயாளிகளை ஏற்றிக்கொண்டு போகிறவர். போதாததற்கு, வருகிற ஞாயிற்றுக்கிழமை அன்புச்செல்விக்கு வளைகாப்பு. ஏழு மாத வயிற்றோடு அவளைப் பிரசவத்துக்கு அழைத்து வரவேண்டியதும் இதே வண்டியில்தான்.

ஆகவே அவர் அதிகம் யோசிக்கவில்லை. விழுப்புரத்தில் கம்பெனி ஷோரூமில் சொல்லிவைத்து, பன்னிரண்டு நாள் காத்திருந்து, கம்பியை அட்டைப்பெட்டியோடு வாங்கி டிக்கியில் போட்டுக்கொண்டு வெள்ளிக்கிழமை காலையில் கிளம்பினார். சம்பந்தி கையில் கொடுத்து மாட்டச் சொல்லிவிட்டால் ஒரு மணி நேர வேலை.

விக்கிரவாண்டி டோல்கேட்டில் நிற்கும்போது மகள் போன் செய்தாள். எப்படி இருக்கிறாய் என்று கேட்டார். "சூப்பரா இருக்கேம்பா" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அதே கேள்வி, அதே பதில். அதைக் கேட்டால்தான் அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்கும். பிறகு அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். அவள் புருஷன் பிரான்சிஸ் சென்னையிலிருந்து தடிமனான கம்பி ஆறு வாங்கி வைத்திருக்கிறானாம். நாலு மாதமாக ஒன்றுகூடப் போகவில்லையாம். மாமனார் தினமும் சாப்பாட்டு நேரத்தில் அதைச் சொல்லிக்காட்டுகிறாராம்.

"மொதல் கம்பி உங்க வண்டிக்குத்தான்னு ஸ்டேட்டஸ்ல போட்டுட்டாருப்பா. வேணாம்னு மட்டும் சொல்லிடாதீங்க. அப்புறம் இங்க பேஜாரு."

ஷெட் வாசலுக்கே வந்து சம்பந்தி சவுரிராயன் கையைப் பிடித்து அழைத்துப்போனார். சிவப்புப் பெயிண்ட் அடித்த கம்பி சுவரில் தயாராகத் தொங்கியது. பக்கத்து டீக்கடைக்காரர்கூட வேடிக்கை பார்க்க வந்து நின்றார். பிரான்சிஸைக் குறை சொல்ல முடியாது. உழைப்பாளி, குடி கிடையாது. சாவியை வாங்கி, வண்டியை உள்ளே விட்டு, புதுச் சட்டை போட்ட பிள்ளை மாதிரி கம்பியைத் தடவிக்கொண்டு நின்றான். டிக்கியில் இருக்கிற பெட்டியைப் பற்றிச் சொல்ல நெடுஞ்செழியன் மூன்று தரம் முயன்றார். முதல் தரம் டீ வந்தது. இரண்டாம் தரம் சவுரிராயன் மகனைப் பார்த்து, சம்பந்தி வண்டிக்கும் சரிப்படவில்லை என்றால் மிச்சம் ஐந்தையும் காயலான் கடைக்குப் போட்டுவிடு என்றார். மூன்றாம் தரம் வாயே வரவில்லை.

வேலை முடிந்ததும் பிரான்சிஸ் கழற்றிய பழைய கம்பியைத் தூக்கிக்கொண்டு டிக்கிப் பக்கம் போனான். நெடுஞ்செழியன் ஓடாத குறையாகப் போய் அதை வாங்கிக்கொண்டார். தானே வைத்துக்கொள்கிறேன் என்று டிக்கியை அரையாகத் திறந்து உள்ளே தள்ளி, அட்டைப்பெட்டிமேல் பாயை இழுத்து மூடினார். திருடனைப் போல வியர்த்துவிட்டது. பிரான்சிஸ் சிரித்துக்கொண்டே கையைத் துடைத்தான்.

மரக்காணம் ரோட்டில் ஓட்டிப் பார்த்தார்கள். வளைவுகளில் வண்டி நிஜமாகவே அருமையாக நின்றது. திரும்பி வரும்போது ஒரு உடைந்த வேகத்தடையில் இடது சக்கரம் இறங்க, அந்த அடி அவர் இடுப்பில் விழுந்தது. எப்படி மாமா என்று கேட்டான் மருமகன். சூப்பராக இருக்கிறது என்றார்.

சனிக்கிழமை விழுப்புரத்தில் ரகசியமாக மாற்றிக்கொண்டால் என்ன என்று நினைக்காமல் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வருகிற சொந்தக்காரர்களை எல்லாம் கூட்டிவந்து பிரான்சிஸ் காருக்கு அடியில் குனிந்து காட்டுவான். நினைத்தபடியே வளைகாப்புச் சாப்பாடு முடிந்து, ஏப்பம் விட்டுக்கொண்டு வந்த அத்தனை பேருக்கும் காட்டினான். இரண்டு பேர் தங்கள் வண்டிக்கும் வேண்டும் என்றார்கள். சவுரிராயன் மகன் முதுகில் தட்டிக்கொடுத்தார். மகள் வீட்டில் இனி சாப்பாட்டு நேரம் நிம்மதியாகப் போகும் என்று நெடுஞ்செழியன் தன்னைத் தேற்றிக்கொண்டார்.

மனைவி அமலா ஆரத்தி கரைத்து வைக்க, உறவுக்காரர்களோடு வேனில் முன்னால் போய்விட்டாள். காரில் அப்பாவும் மகளும் மட்டும்தான். ஹைவேஸில் ஒரு தொந்தரவும் இல்லை. விக்கிரவாண்டிக்கு முன்னால் மேம்பால வேலைக்காக வண்டிகளைச் சர்வீஸ் ரோட்டில் இறக்கிவிட்டிருந்தார்கள். அது ரோடு இல்லை, வரிசையாகப் பள்ளம். முதல் பள்ளத்திலேயே அன்புச்செல்வி வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு கை நிறைய இருந்த கண்ணாடி வளையல்கள் குலுங்கின. அவர் வேகத்தை இருபதுக்குக் குறைத்தார், பிறகு பத்துக்கு. பின்னால் லாரிக்காரன் ஹாரனை விடாமல் அடித்தான். முன்னாலும் லாரி, பக்கத்தில் தடுப்புச் சுவர். ஒதுங்கக்கூட இடம் இல்லை.

"அந்தப் பெட்டி இன்னும் டிக்கிலதான் இருக்குதாப்பா?" என்று கேட்டாள்.

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. உனக்கு எப்படித் தெரியும் என்றார்.

"நீங்க டீ குடிச்சிக்கினு இருக்கறப்பவே அவரு தொறந்து பாத்துட்டாரு. உங்கப்பா வாயத் தொறந்து கேட்டா அதையே மாட்டி உட்டுடறேன், கேக்கறாரா பாப்போம்னு எனக்குப் போன் பண்ணி சிரிச்சிக்கினே சொன்னாரு."

நெடுஞ்செழியனுக்கு அவமானத்தில் காது சுட்டது. பாயை இழுத்து மூடியது, வியர்த்தது, எல்லாவற்றையும் அந்தப் பிள்ளை பார்த்துக்கொண்டுதான் நின்றிருக்கிறான். திரும்பிப் போகவும் முடியாது. வளைகாப்பு முடிந்து புறப்பட்ட பெண்ணை அன்றைக்கே திருப்பிக் கொண்டுபோய் விட்டால் ஊர் என்னென்னவோ பேசும்.

டேஷ்போர்டில் இருந்த போன் அடித்தது. மருமகன்தான். எடுத்ததும் கார் முழுக்க அவன் குரல் கேட்டது.

"மாமா, ஸ்பீக்கர்ல போட்டுக்கீறேன், எல்லாரும் கேட்டுக்கினு இருக்காங்க. வண்டி எப்படி போவுது?"

கேட்கிறவனுக்கு எல்லாம் தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் மகளைப் பார்த்தார். ஒரு கை வயிற்றிலும் இன்னொரு கை மேலே இருந்த பிடியிலும் இருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"சூப்பரா இருக்கு மாப்ளே."

அந்தப் பக்கம் சிரிப்பும் கைதட்டலும் கேட்டன. போன் நின்றது. அடுத்த பள்ளம் வந்து போனது. அன்புச்செல்வி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நானும் உங்ககிட்ட இப்பிடித்தாம்பா சொல்லிக்கினு இருக்கேன். ரெண்டு வருஷமா."

தடுப்புச் சுவர் முடிந்த இடத்தில் நெடுஞ்செழியன் வண்டியை ஓரங்கட்டி இஞ்சினை அணைத்தார். லாரிகள் ஒவ்வொன்றாகக் கடந்து போயின. எப்படி இருக்கிறாய் என்று தினமும் கேட்கிற கேள்விதான். இன்றைக்கு அதைக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை.