கயிற்றுக்கு அந்தப் பக்கம்

அந்தக் குவாரிக்கு மட்டும் தன்னை அனுப்ப வேண்டாம் என்று மேலதிகாரியிடம் அவள் கெஞ்சாத குறையாகக் கேட்டுப் பார்த்தாள்.

"அங்கே மேனேஜர் எங்க அக்கா வீட்டுக்காரர் சார். நான் போனா நல்லா இருக்காது."

"வேற ஆள் யாரும்மா இருக்கா? ஒருத்தர் லீவு, இன்னொருத்தர் மாற்றலாகிப் போயாச்சு. மழைக்கு முன்னாடி பார்த்தே ஆகணும். கண்ணால பார்த்ததை எழுதுங்க, போதும்."

அத்தான் அவளுக்கு வெறும் அத்தான் இல்லை. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது அவள் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. புதுசாகக் கல்யாணமான வீட்டில் கொழுந்தியாளையும் கூட்டி வந்து வைத்துக்கொண்டு, ஒருநாளும் முகம் சுளிக்காமல் படிக்க வைத்தவர். சுரங்கப் பாதுகாப்பு ஆய்வாளராக அவளுக்கு வேலை கிடைத்த அன்று தெருவில் போவோர் வருவோரையெல்லாம் நிறுத்தி நிறுத்திச் சொன்னவரும் அவர்தான்.

மணலையும் சரளையையும் தோண்டித் தோண்டி அந்த இடமே பெரிய கிண்ணம் போல ஆகியிருந்தது. அடியில் ஊறிய தண்ணீரை ஒரு பம்பு ஓயாமல் இறைத்துக்கொண்டிருந்தது. ஆட்கள் முன்னால் அத்தான், "வாங்க மேடம், இப்படி வாங்க மேடம்" என்று ஏக மரியாதை செய்தார். ஆட்கள் நகர்ந்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"என்ன குட்டி, ஹெல்மெட் லொடலொடன்னு ஆடுது? உள்ளே ஒண்ணுமே இல்லையோ?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சரளை ஓடும் பெல்ட்டு, சல்லடை, வண்டிகளின் பிரேக் எல்லாம் ஒழுங்காகவே இருந்தன. இந்த மட்டும் தப்பித்தோம் என்று நினைத்தபடிதான் பள்ளத்தின் விளிம்புக்குப் போனாள். அங்கே தரையில் ஒரு விரிசல், கை நுழையும் அகலத்துக்கு நீளமாக ஓடியது. கீழே எட்டிப் பார்த்தால் சுவரின் அடிவயிற்றைக் குடைந்து சரளை எடுத்திருந்தார்கள். மேலே நின்ற மண் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

"அத்தான், இதுக்குக் கீழேயா ஆளுங்க வேலை செய்யறாங்க?"

"ஒரு வாரம் குடு. படி படியா வெட்டி சரி பண்ணிடறேன்."

"ஒரு மணி நேரம்கூடத் தர முடியாது அத்தான். எல்லாரும் மேலே வரணும். சரி பண்ற வரைக்கும் ஒரு ஆளும் கீழே இறங்கக்கூடாது."

அவர் அவளையே பார்த்தார். அப்புறம் விசிலை எடுத்து ஊதினார். பள்ளத்துக்கு இறங்கும் வழியில் சிவப்புக் கயிறு கட்டும்போது மறுமுனையைப் பிடித்துக்கொண்டதும் அவரேதான்.

சாயங்காலம் அவள் அக்கா வீட்டுக்குப் போனாள். அக்கா தட்டைத் தரையில் ணங்கென்று வைத்தாள்.

"முதலாளி இவரை வாய்க்கு வந்தபடி பேசியிருக்காரு. ஊர்ல வேற குவாரியே கிடைக்கலையாடி உனக்கு?"

"விடுடி," என்றார் அத்தான். "அவ வேலையை அவ செஞ்சா. செய்யலேன்னாதான் நான் கோவிச்சிருப்பேன்."

மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. நடந்ததைக் குவாரிக் காவல்காரர் பிற்பாடு அழுதுகொண்டே சொன்னார். பள்ளத்தில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்ததாம். புதுப் பம்பு முழுகப் போகிறது, யாரையாவது இறக்கி எடுக்கச் சொல் என்று முதலாளி போனில் கத்தினாராம். அத்தான் யாரையும் கூப்பிடவில்லை. கயிற்றைத் தூக்கிக் குனிந்து போயிருக்கிறார். "சார், மேடம் கூடாதுன்னாங்களே" என்று காவல்காரர் தடுத்ததற்கு, "ஆளுங்க இறங்கக்கூடாதுன்னுதான் சொன்னா. நான் ஆளா? மேனேஜர்யா!" என்று சிரித்தாராம். பம்பின் குழாயைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே சுவர் மொத்தமாகச் சரிந்தது.

செய்தி வந்து அவள் ஓடியபோது தோண்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள். சேறு அப்பிய முகத்தை அவளே தன் துப்பட்டாவால் துடைத்தாள். துடைக்கத் துடைக்க மணல் வந்துகொண்டே இருந்தது.

விசாரணைக்கு வேறு ஊரிலிருந்து அதிகாரி வந்தார். அவள் உத்தரவு முற்றிலும் சரி, வேலை நடந்திருந்தால் எட்டுப் பத்துப் பேர் போயிருப்பார்கள் என்று முடிவு சொன்னார். முதலாளிமேல் வழக்குப் போட்டார்கள். மேலதிகாரி அவளைக் கூப்பிட்டுப் பாராட்டினார். அந்தப் பாராட்டைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியாமல் அவள் பாதியிலேயே வெளியே வந்துவிட்டாள்.

அன்றே அக்காவைப் பார்க்கப் போனாள். அக்கா கதவைப் பாதி திறந்து வாசலிலேயே நின்றாள். திட்டுவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்து வந்தவளுக்கு அந்த அமைதி தாங்கவில்லை.

"அக்கா, ஒரு வார்த்தை பேசுக்கா."

"உன்மேல தப்பில்லைன்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கும் தெரியுது. அவரும் அதைத்தான் சொல்லியிருப்பாரு." அக்கா கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "ஆனா உன்னைப் பார்த்தா எனக்கு அந்தப் பள்ளம்தான்டி தெரியுது. வழக்கமா ஏழெட்டுப் பேரோட இறங்குவாரு. யாராவது கையைப் பிடிச்சு இழுத்திருப்பாங்க. கொஞ்ச நாள் வராதே."

அப்படி யாரும் இழுத்திருக்க முடியாது, எல்லாரும் சேர்ந்துதான் புதைந்திருப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். "சரிக்கா," என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் போன் செய்கிறாள். அக்கா எடுக்கிறாள், பேசுவதில்லை, வைப்பதுமில்லை. அந்தப் பக்கம் குக்கர் விசில் அடிக்கும், நாற்காலி நகரும். சாப்பிட்டாயா என்று இவள் கேட்பாள். கொஞ்ச நேரம் கழித்து அக்கா மூக்கை உறிஞ்சுவது கேட்கும்.